கதை சொல்லாமல் வாங்கிய கரை

படப்பிடிப்புக்கு இடம் பிடித்துக்கொடுக்கும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, உங்களிடம் இப்போது மேலே பறந்து படம் எடுக்கிற கமரா இருக்கிறது. மாம்புரிக் கரையைக் கொழும்பில் இருந்தபடியே பார்த்துவிடுகிறீர்கள். என்னிடம் இருந்தது ஒரு பழைய வேன், ஒரு தொப்பி, ஊர்ப் பெரியவர்களுக்குச் சொல்ல ஒரு ஸலாம். படக்காரர் வேலை முடிந்ததும் போய்விடுவார்கள். அந்த ஊர்த் தேத்தண்ணிக் கடையில் மறுபடியும் போய் உட்கார வேண்டியவர்கள் நாம்தான். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே வாசியுங்கள்.

முதலில் நான் பிழையான பாடம் படித்த விதத்தைச் சொல்லிவிடுகிறேன். வேலைக்கு வந்த புதிதில் ஒரு படத்துக்கு வீடு தேடினேன். வளவுக்குள் கிணறு இருக்க வேண்டும் என்றார்கள். நல்ல வீடு கிடைத்தது. வீட்டுக்காரர் கதை என்ன என்று கேட்டார். ஒருவர் கிணற்றில் விழுந்து மவுத்தாகிறார் என்று நானும் வெள்ளை மனதோடு சொன்னேன். மனிதர் எழும்பிவிட்டார். நாங்கள் குடிக்கிற தண்ணியில் நடிப்புக்கும் ஒருத்தரும் சாகக்கூடாது என்று சொல்லிப் படலையைச் சாத்தினார். இரண்டு நாள் வேலை கெட்டது. அன்றோடு எனக்கு நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன்: கதையை நான் கேட்பதில்லை. கேட்டால்தானே சொல்ல வேண்டி வரும்? தொழுகை, நோன்பு என்று வாழ்கிற எனக்குச் சினிமாக் கதையில் தலை கொடுக்காமல் இருப்பது ஒரு பேணுதல் மாதிரியும் இருந்தது. 'கதை உங்கட, கரை என்ட' என்று எல்லோரிடமும் சொல்லுவேன். அதைக் கெட்டித்தனம் என்று நினைத்துப் பல வருடம் காலம் கடத்தினேன்.

யுத்தம் முடிந்து நாலைந்து வருடம் போயிருக்கும். பாதைகள் திறந்து, கடற்கரைக்குப் படக்காரர் வரத் தொடங்கிய காலம். பெரிய கம்பனி இல்லாமல், கூட்டாளிமார் சேர்ந்து எடுக்கிற ஒரு சின்னப் படம். மொத்தம் பதினொரு பேர். டிரெக்டர் கொழும்புத் தமிழ்ப் பிள்ளை ஒருத்தி. நான் மிஸ் என்றுதான் கூப்பிடுவேன்; என்னை எல்லோரும் அண்ணன் மாதிரி நானா என்பார்கள். அவளுக்குக் கரைவலை இழுக்கிற இடம், அதாவது ஆட்கள் கரையில் நின்று கயிறு பிடித்து வலையை இழுக்கிற இடம் வேண்டும். முதல் நாளே கொப்பியைத் திறந்து கதையைச் சொல்ல வந்தாள். நான் கையைக் காட்டி நிறுத்தினேன். "கதை எனக்கு வேணாம் மிஸ். எத்தனை நாள் எண்டு மட்டும் சொல்லுங்க." அவள் கொப்பியை மூடாமலே நாள்கணக்கைச் சொன்னாள்.

கரைவலை முதலாளியைச் சம்மாட்டி என்போம். மாம்புரிப் பக்கத்தில் எனக்குத் தெரிந்த ஹனீபா சம்மாட்டியிடம் போனேன். பள்ளிவாசல் நிர்வாகத்திலும் இருந்தவர். மீன்பிடிக் கதை, இரண்டு கூட்டாளிமாரைப் பற்றியது என்று சொன்னேன். நடிக்கிறவர் இரண்டு பேரும் ஆம்பிளைகள் என்று கண்டதை வைத்து நானாகக் கட்டிச் சொன்னது அது. அவர் மறுபேச்சுப் பேசவில்லை. "நீங்க சொன்னாக் காணும், வேற ஒண்டும் தேவையில்ல" என்றார்.

நடிகர்களில் ஒருவன் சுதன். வன்னியிலிருந்து யுத்தத்தில் வந்து பாலாவியில் குடியேறிய குடும்பம். தாய் உப்பளத்தில் கூலி வேலை. சத்தம் பதிகிறவன் நிரோஷன், சிலாபத்துப் பொடியன். வீட்டில் சிங்களம், எங்களோடு நல்ல தமிழ். காதை மூடும் பெரிய கருவியைக் கழுத்திலேயே தொங்கவிட்டிருப்பான். இருபது நாள் இவர்களை என் வேனில் ஏற்றி இறக்கினேன். நன்றாகப் பழகினோம்.

ஒரு புதன்கிழமை மிஸ் வந்து, ஆளே இல்லாத கரை அரை மணித்தியாலம் வேண்டும், ஒருத்தரும் பார்க்கக்கூடாத காட்சி என்றாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்காததுதானே என் சட்டம். பெரிய விஷயம் கண்டுபிடித்தவன் மாதிரிச் சொன்னேன்: "வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரம் வையுங்க. கரையில ஒரு காக்காவும் இரிக்காது." அவர்களைக் கரையில் விட்டுவிட்டு நானும் வெள்ளைச் சாரம் உடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போனேன்.

பிள்ளைகளே, என் பிழை இதுதான். ஜும்ஆவுக்குப் பள்ளிக்குப் போகிறவர்கள் எங்கள் ஆட்கள். கயிறு இழுக்க வந்தவர்களில் பாதிப் பேர் உடப்பிலிருந்தும் சிலாபத்திலிருந்தும் வந்த இந்து, கத்தோலிக்கக் கூலியாட்கள். வெள்ளிக்கிழமை பகல் அவர்களுக்கு ஓய்வு. வலைக்காரர் தங்குகிற ஓலை வாடிக்குள் படுத்திருப்பார்கள். இருபது நாளும் அவர்களோடு உட்கார்ந்து தேத்தண்ணி குடித்தவன், கரை காலியா என்று பார்த்தபோது எங்கள் ஆட்களை மட்டும் எண்ணிவிட்டேன்.

ஜும்ஆ முடிந்து திரும்பினேன். வாடிக்குள் ஏழெட்டுப் பேர் ஒரு போனைச் சுற்றிக் குனிந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். போன்காரன் செல்வம், உடப்பு ஆள். என்னைக் கண்டதும் கூப்பிட்டான். "இஞ்ச வாங்க நானா. உங்கட ஆக்கள் கமரா நிண்ட பிறகும் நடிக்கிறாங்க."

பார்த்தேன். வள்ளத்தின் மறைவில் சுதனும் நிரோஷனும். நிரோஷன் தன் சால்வை நுனியால் சுதனின் முகத்து மணலைத் துடைக்கிறான். சுதன் அந்தக் கையைப் பிடித்து உள்ளங்கையில் முத்தம் கொடுக்கிறான். அவ்வளவுதான். நடிப்பு என்று சொல்லித் தப்பவும் வழியில்லை. நிரோஷனின் கழுத்தில் அந்தக் காதுக் கருவி தொங்குகிறது.

உண்மையைச் சொல்கிறேன், முதலில் எனக்கு இரக்கம் வரவில்லை. கோபம்தான் வந்தது. என் பெயர் போயிற்றே என்ற கோபம். மிஸ்ஸிடம் போய்க் கேட்டேன். படத்தின் கதையும் அதுதான் என்றாள். ஒரே கயிற்றை இழுக்கிற இரண்டு ஆண்கள், ஒருவனை ஒருவன் விரும்புகிறார்கள். "முதல் நாளே சொல்ல வந்தன் நானா. நீங்க கேக்கல்ல."

அப்போது சுதன் வந்தான். அவனுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். ஒரே ஒரு கேள்விதான் கேட்டான்: "அனுப்பிட்டாங்களா?"

அல்லாஹ்வின் கிருபை, அந்தக் கரையில் அப்போது சிக்னல் இல்லை. பெரிய பாதைக்கு ஏறினால்தான் போன் வேலை செய்யும். வலை வள்ளம் கடலுக்குப் போய்விட்டது. சம்மாட்டி வந்து ஆட்களைக் கயிற்றுக்குக் கூப்பிட்டார். தண்ணிக்குள் இறங்குவதால் எல்லோருடைய போனும் வாடியில் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் போனது. வலை கரைக்கு வர இரண்டு மணித்தியாலம். அதன் பிறகு எல்லோரும் தேத்தண்ணிக்குப் பாதைக்குத்தான் ஏறுவார்கள்.

செல்வம் மற்றக் காலத்தில் பாலாவி உப்பளத்தில் வேலை செய்கிறவன். அவன் அனுப்பினால் அது யார் யாருக்குப் போகும் என்று சுதனுக்குத் தெரியும். மணலில் உட்கார்ந்து சொன்னான்: "அம்மாட்ட நான் சொல்லவேணும் நானா. படம் வெளிநாட்டில காட்ட முதல் சொல்லுறதெண்டு நாள் பாத்துக்கொண்டிருந்தனான். என்ட வாயால சொல்லவேணும். போன் சொல்லக்கூடாது."

பேச்சு அவ்வளவுதான். அந்த இரண்டு மணித்தியாலத்தில் என் பெயரைக் காப்பாற்றுவதா, ஒரு பிள்ளை தன் தாயிடம் பேசும் உரிமையைக் காப்பாற்றுவதா என்பதுதான் என் முன்னால் இருந்த வேலை. செல்வத்துக்குக் காசு கொடுக்கலாம் என்று கமராக்காரர் சொன்னார். கொடுத்தால், தன் கையில் இருப்பது விலையுள்ள சாமான் என்று அவனுக்கு விளங்கிவிடும் என்றேன். பொலிசுக்குப் போகலாமா என்று இன்னொருவர் கேட்டார். சட்டமே அந்தப் பொடியன்களின் பக்கம் இல்லை. டின்னைத் திறந்து போனை எடுத்து நாமே அழித்துவிடலாம் என்றும் ஒரு பேச்சு வந்தது. அது களவு. களவைச் செய்துவிட்டு அந்தக் கரையில் நான் எப்படி நிற்பது?

பிழை எங்கே தொடங்கியதோ அங்கேதான் போக வேண்டும். சம்மாட்டியிடம் போனேன். அவர் தொப்பியைக் கழற்றாமல் கயிற்றின் போக்கைப் பார்த்துக்கொண்டு நின்றார். எல்லாவற்றையும் சொன்னேன். கதை என்ன என்பதையும், போனில் இருப்பதையும்.

"என்ட கரையிலயா?" என்றார். "பள்ளியில என்னைக் கேக்க மாட்டாங்களா?"

"கோவத்தை என்னில வையுங்க சம்மாட்டியார். கதை கேக்காம உங்கட கரையைக் கேட்டது நான். அந்தப் பொடியன்கள் பொய் சொல்லல்ல. நான்தான் தெரியாததைத் தெரிஞ்ச மாதிரிச் சொன்னவன்."

"இப்ப என்ன செய்யச் சொல்றீங்க?"

"போன்ல இரிக்கிற அந்தப் படம் இந்தக் கரையை விட்டுப் போகக்கூடாது."

"நான் என்னத்துக்கு மறைக்கணும்?"

இந்த இடத்தில் நான் யோசித்துப் பேசவில்லை. வாயில் வந்தது. தொண்ணூறாம் ஆண்டு மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு நாங்கள் வள்ளத்தில் வந்து இந்தப் பக்கத்துக் கரையில் இறங்கினோம். உடுத்த உடுப்போடு வந்தவர்கள். எங்கள் பெண்கள் குளிக்க ஒரு மறைப்பு இல்லை. அந்த நேரம் ஹனீபா சம்மாட்டியின் வாப்பா தன் வள்ளங்களைக் கவிழ்த்துச் சுற்றி அடுக்கி, அவற்றின் மேல் வலையைப் போட்டு மறைப்புக் கட்டிக் கொடுத்தார். தொழிலுக்குப் போகிற வள்ளங்கள். பத்து நாள் அவர் கடலுக்குப் போகவில்லை.

"அந்த மறைப்புக்குள்ள குளிச்சதில என்ட பொஞ்சாதியும் ஒருத்தி," என்றேன். "உங்கட வாப்பா ஆர் எவர் எண்டு கேக்கல்ல. மறைப்பு வேணும் எண்டு கண்டார், கட்டினார். நான் கேக்கிறதும் அதுதான்."

அவர் என்னைப் பார்க்கவில்லை. கடலைப் பார்த்தபடி நின்றார். வலையின் மடி கரைக்கு வந்தது, மீன் கொட்டினார்கள். பிறகு அவர் வாடிக்குப் போய்ப் பிஸ்கட் டின்னைத் தன் கையில் எடுத்துக்கொண்டு செல்வத்தைக் கூப்பிட்டார்.

"அழி."

"பகிடிக்குத்தான் சம்மாட்டியார் எடுத்த."

"பகிடி முடிஞ்சி. எனக்கு முன்னால அழி. இதைப் பத்தின கதை பாலாவியில கேட்டா, நீ என்ட கயித்துல கை வைக்கத் தேவையில்ல."

செல்வம் அழித்தான். மற்றவர்களின் போனையும் ஒவ்வொன்றாகத் திறந்து காட்டச் சொன்னார். பிறகு என்னிடம் திரும்பினார். "நாளைக்கு உங்கட சாமான் ஒண்டும் என்ட கரையில இரிக்கக்கூடாது." ஓம் என்றேன். அது நியாயம்தான். அவர் அந்த வரைக்கும் செய்ததே பெரிது.

ஆனால் போனில் அழித்ததை, பார்த்தவர்களின் கண்ணில் அழிக்க முடியாது. இனிமேல் நாள் பார்க்க நேரமில்லை, இன்றைக்கே அம்மாவிடம் போகவேண்டும் என்று சுதன் சொன்னான். நிரோஷன் தானும் வருவதாகச் சொன்னான். முதலில் நான் தனியாகப் பேசுகிறேன் என்றான் சுதன். வேனை எடுத்தேன்.

நுரைச்சோலை தாண்டும்போது அவனுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று ஒன்று சொன்னேன். பிறருடைய ஐபை மறைத்தால் நம்முடைய ஐபை அல்லாஹ் மறைப்பான் என்று எங்களுக்கு ஓதித் தந்திருக்கிறார்கள். ஐபு என்றால் குறை. உன் ஐபு மறைந்துவிட்டது, பயப்படாதே என்றேன்.

சுதன் மெதுவாகச் சொன்னான். "நீங்க செய்ததை நான் சாகுமட்டும் மறக்கமாட்டன் நானா. ஆனா அது குறை இல்ல. பதினாறு வயசில, உலகத்திலயே நான் ஒருத்தன்தான் இப்பிடி எண்டு நினைச்சன். பிறகு ஒரு படத்தில ரெண்டு வெள்ளைக்காரரைக் கண்டன். ஓகோ, இது வெள்ளைக்காரரின்ட சாமானாக்கும் எண்டு நினைச்சன். சாரம் கட்டிக்கொண்டு, கயிறு இழுத்து, தமிழில கதைக்கிற ஒருத்தனை ஒருக்காவது திரையில காணவேணும். அதுக்குத்தான் நடிக்க வந்தனான்."

மார்க்கத்தில் என்ன சொல்லியிருக்கிறது என்று எனக்குத் தெரியும். அதை மாற்றிச் சொல்ல நான் ஆலிம் இல்லை. அவனுக்குத் தீர்ப்புச் சொல்ல நான் காழியும் இல்லை. மறுமையில் என்னிடம் கேட்கப்படப்போவது நான் சுமந்த அமானத்தை, என்னை நம்பித் தந்த பொறுப்பைப் பற்றி மட்டும்தான். ஆனால் ஐபு என்ற அந்த வார்த்தையை அவனுக்கு முன்னால் நான் பிறகு பாவிக்கவில்லை.

உப்பளத்து வரம்பில் வேனை நிறுத்தினேன். தூரத்தில் பெண்கள் உப்பு வாரிக்கொண்டிருந்தார்கள். சுதன் அவர்களுக்குள் நின்ற தன் தாயிடம் நடந்துபோனான். பேசியது எனக்குக் கேட்கவில்லை. அவ கையிலிருந்த வாரியைக் கீழே போட்டுவிட்டு, மகனுக்கு முதுகைக் காட்டி வரம்பில் உட்கார்ந்தா. அவனும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தான். நான் அஸர் தொழுதேன். ஸலாம் கொடுத்துத் திரும்பிப் பார்த்தபோதும் அதே முதுகுதான். துஆவில் என்ன கேட்பது என்று தெரியாமல், இந்தத் தாய் திரும்பிப் பார்க்கட்டும் யா அல்லாஹ் என்று மட்டும் கேட்டேன்.

எவ்வளவு நேரம் போனதோ. அவ எழும்பி அவனிடம் தண்ணிக் கானைக் கொடுத்து எங்கோ அனுப்பிவிட்டு, என்னிடம் வந்தா. கை கால் எல்லாம் உப்பு. கண் சிவந்திருந்தது.

"நானா எண்டுதானே உங்களைச் சொல்லுறவை?"

"ஓம் அக்கா."

"அவன் சொன்னது எனக்கு முழுசா விளங்கேல்ல. ஊருக்குத் தெரியவேண்டாம், இப்ப வேண்டாம் எண்டு சொல்லியிருக்கிறன். ஆனா நானா, வன்னியிலயிருந்து ரெண்டு பிள்ளையளைக் கையில பிடிச்சுக்கொண்டு வந்தனான். செல் குண்டு விழேக்கையும் கை விடேல்ல. இதுக்கு விடுறதே?" சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துவிட்டுக் கேட்டா: "அந்தப் பொடியன் எப்பிடி?"

பிள்ளைகளே, வேன் ஓட்டுகிறவனிடம் மாப்பிள்ளை விசாரிக்க எத்தனையோ பேர் வருவார்கள். ஆட்களை நாங்கள் அறிவோம். அதற்கு ஒரு முறை உண்டு: கண்ணால் கண்டதை மட்டும் சொல்ல வேண்டும், ஒரு குறையாவது சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் மற்றதை நம்பமாட்டார்கள். அந்த வரம்பில் நின்று நான் அந்த முறைப்படியே பேசினேன்.

"சிலாபம், வேதக்காரப் பொடியன். இருபது நாளாக் காண்றேன். கயிறு உங்கட மகன்ட கையை அறுத்த அண்டைக்குத் துணி கட்டிவிட்டு, அவன்ட சாமானையும் ரெண்டு நாள் தானே தூக்கினான். பாங்கு சொன்னா மெஷினை நிப்பாட்டிப்போட்டு, முடியும்வரை ஒரு பேச்சுப் பேசமாட்டான். நான் சொல்லிக் குடுக்கல்ல, தானாச் செஞ்சான். பொய் சொல்லி நான் காணல்ல."

"குறை?"

"காலையில எழும்பமாட்டான் அக்கா. கதவை மூணு தரம் தட்டணும். நாளும் அவனாலதான் சுணக்கம்."

அவ திரும்பி, தண்ணிக் கானோடு வரம்பில் வந்துகொண்டிருந்த மகனைப் பார்த்தா. நான் துஆவில் கேட்ட திரும்பல் அதுதான்.

"இவனும் அப்பிடித்தான்," என்றா. "அப்ப ரெண்டு பேரையும் ஆர் எழுப்பிறது?"

நான் சிரித்துவிட்டேன். சிரிப்போடு கண்ணீரும் வந்தது, ஒளிப்பானேன். அல்ஹம்துலில்லாஹ் என்று வாய்விட்டுச் சொன்னேன். அவ சிரிக்கவில்லை. ஆனால் தன் மகனின் கையிலிருந்த கானை வாங்கிக்கொண்டா.

படம் முடிந்ததா என்று கேட்பீர்கள். முடிந்தது. மிச்சத்துக்கு வேறு கரை தேடினேன். இந்த முறை மிஸ்ஸின் கொப்பியை முழுக்கக் கேட்டுவிட்டுத்தான் போனேன். முதல் கரைக்காரர் கதையைக் கேட்டதும் முடியாது என்றார். இரண்டாவது ஆளும் முடியாது என்றார். பள்ளிவாசல்துறைப் பக்கத்தில் மூன்றாவது ஆள் கொஞ்சம் யோசித்து, "என்ட வலையை ஒழுங்கா இழுப்பாங்களா?" என்று மட்டும் கேட்டார். இழுப்பார்கள் என்றேன். சரி என்றார். ஒருத்தரும் ஒளிந்திருந்து படம் எடுக்கவில்லை; எல்லோருக்கும் தெரிந்ததில் களவாக எடுக்க என்ன இருக்கிறது? கதை சொல்லி இழந்த இடத்துக்காக நான் பிறகு வருந்தியதே இல்லை. ஹனீபா சம்மாட்டியும் இரண்டு மாதம் கழித்துப் பள்ளியில் என்னைக் கண்டு முதலில் ஸலாம் சொன்னார்.

ஆனால் நான் அந்த வெள்ளிக்கிழமையோடு முடிக்கவே விரும்புகிறேன். பாலாவிச் சந்தி தாண்டவில்லை, சுதன் பின் சீட்டில் நித்திரையாகிவிட்டான். எத்தனை வருட நித்திரையோ அது. குழிக்குள் வேன் விழுந்து எழும்பியும் அவன் அசையவில்லை. கரைக்கு வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்து மஃரிபுக்கு நேரமாகியிருந்தது. சாமான் கட்டிய பெட்டிகளுக்கு நடுவில் நிரோஷன் எழும்பி நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சுதனைத் தட்டி எழுப்பக் கையை நீட்டினேன். பிறகு எழுப்பவில்லை. வேன் கதவை மட்டும் அகலத் திறந்துவைத்துவிட்டு, நிரோஷனுக்குத் தலையை அசைத்துவிட்டு, தொழுகைக்கு ஒழு எடுக்கப் போனேன்.